மூன்றில் ஒரு பங்கு

ஆரல்வாய்மொழி வளைவில்
காற்றாலைச் சிறகு ஏற்றிவந்த டிரெய்லர்
பேனாக்கத்தி போல மடங்கியது.
மடிப்புக்குள் கிளாடிஸின் ஸ்கூட்டர்,
ஒரு கூடை சாளை.

நாகர்கோவில் தீர்ப்பாயத்தில்
இன்சூரன்ஸ் வக்கீல் வருமானச் சான்று கேட்டார்.
சாளைக்கு யார் ரசீது போடுவார்கள்?
எங்கள் வக்கீல் தங்கலீலா
அவளுடைய பற்று நோட்டை நீட்டினார்:
"டீச்சர் வீடு, நாப்பது பாக்கி."

வயது பார்த்துப் பதினைந்தால் பெருக்கினார்கள்.
பிறகு
தனக்கென்று செலவழித்திருப்பாள் என
மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார்கள்.

ராஜாக்கமங்கலம் பஸ்ஸில்
மகள் ஃபீஸ், சீட்டு, என் இன்சுலின்
எல்லாம் தள்ளிவிட்டு
அந்தப் பங்கைத் தேடிக்கொண்டே வந்தேன்.
ஒரு பொட்டலம் பாக்கு.
ஒரு ஜோடி ரப்பர் செருப்பு,
அதிலும் இடதுகால் வாரில் ஊக்கு.

மிச்சத்த எங்க வச்ச, பிள்ளே?