பதினோரு மாதம்

முத்திரைத்தாளில் என் ஊர் தவறாகத்தான் இருக்கிறது.
அஞ்சலைதேவி, க/பெ காலஞ்சென்ற சன்னாசி,
தற்சமயம் செம்மடுவு, ஏற்காடு.
நிரந்தர முகவரி என்ற இடத்தில்
ஈப்போவை டைப் அடித்தவர் 'இப்போ' என்று அடித்துவிட்டார்.
திருத்தச் சொல்லவில்லை.
இந்த வயதில் இப்போவும் ஓர் ஊர்தான்.

இரண்டாம் தரப்பினர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
அது ஏழாவது ஷரத்து.
அதனால் அவர் படம் மூன்று வருடமாக
மிக்சிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது.
சட்னி அரைக்கும்போது மட்டும்
கொஞ்சம் தலையாட்டுவார்.

தரகர் பச்சமுத்து மாதம் ஒருமுறை
இருபது கொண்டை ஊசியும் ஏறி வருவார்
தட்டுவடை செட் பொட்டலத்தோடு.
பீட்ரூட் சாறு காகிதம் முழுக்க ஊறியிருக்கும்.
"வாடகைங்கறது தண்ணியில போடுற காசும்மா.
அஸ்தம்பட்டியில ஒரு பிளாட், லிப்ட் இருக்குது,
ஆஸ்பத்திரி நடந்து போற தூரம்."
நாற்பது வருடம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்தவள் நான்.
மறுபடி அந்தத் தூரத்தை அளக்க ஆசையில்லை.

கணக்கு நானும் போட்டேன்.
சேமநிதி ரிங்கிட்டை ரூபாயாக்கி,
ரூபாயை மாதமாக்கி,
மாதத்தை ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டைகளாக்கி.
வாடகையென்றால் இருபத்தெட்டு வருடம் ஓடும்.
எனக்கு அறுபத்தொன்பது.
பாக்கியை யார் பெயரில் எழுதுவது என்ற இடத்தில்
கால்குலேட்டர் தானாக அணைந்துவிட்டது.

பெர்த்திலிருந்து மகள் பேசினாள்.
"வாங்கிடாதீங்கம்மா, பிறகு யார் போய் விக்கிறது?"
'பிறகு' என்ற சொல்லை மட்டும் அவள்
சூடான பாத்திரம்போல
துணி சுற்றிப் பிடித்தாள்.

காபி பூத்த வாரம் பொன்னுரங்கம் வந்தார்.
உருக்காலையில் ஓய்வு பெற்றவர்,
இந்த வீட்டின் சிமெண்ட் மூட்டைகளை
ஒவ்வொன்றாக எண்ணி இறக்கியவர்.
வாடகை வாங்கும் தேதி அல்ல அது.
"நீங்களே எடுத்துக்கங்க" என்றார்.
வீட்டை எனக்கு எழுதலாமாம்.
பக்கத்து முப்பது சென்ட் காபியை எழுத முடியாதாம்,
விவசாய நிலம், என் பாஸ்போர்ட் வேறு நிறம்.
ஆக ஜன்னல் எனக்கு,
அதில் வெள்ளையாய்த் தெரிவது வேறொருவருக்கு.
"வாடகையிலயும் இப்ப அப்படித்தானே இருக்கு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

மகன் எட்மண்டனுக்குக் கூப்பிடுகிறானாம்.
வீட்டுக்கு அடியில் ஓர் அறை,
பாதி ஜன்னல் மண்ணுக்குக் கீழே.
அதுவும் மகனுடைய வீடில்லை, வாடகை.
டீ ஆடை கட்டும்வரை நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்புறம் கேட்டார்:
"வாடகைக்கு இருக்கறது எப்படிம்மா?
நான் இருந்ததே இல்ல."

நாலாயிரம் பிரசவம் பார்த்தவள் நான்.
தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்களிடம்தான்
அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

சொன்னேன்.
போன அன்றைக்கே மின் மீட்டரைப் படம் எடுங்கள்.
ஏற்கெனவே இருக்கும் விரிசல்களையும்.
குழாய்ச் சத்தத்தில் ஒரு வாரம் தூக்கம் வராது,
பிறகு அது நின்றுபோனால் வராது.
பக்கத்து வீட்டில் ஏதாவது கேட்டு வையுங்கள்,
புரியாவிட்டாலும் பரவாயில்லை.
எங்கள் ஊர் வழக்கத்தில் நான் இங்கே
'பசியாறியாச்சா' என்று கேட்ட முதல் நாள்
எனக்குப் பசியென்று நினைத்து
குண்டானோடு சோறு கொண்டுவந்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்,
வீட்டுவரி ரசீதின் பின்பக்கத்தில்.

நான் வாங்கவில்லை.
அவரும் வேறு யாருக்கும் விற்கவில்லை, இதுவரை.
புது ஒப்பந்தம் மறுபடி பதினோரு மாதம்.
பன்னிரண்டாவது மாதம் எந்தத் தாளிலும் இல்லை.
என் பிறந்தநாள் அதில்தான் வருகிறது.

ஏழாவது ஷரத்தை அவரே பேனாவால் அடித்து
ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.
சட்டைப்பையிலிருந்து ஓர் ஆணியையும் எடுத்து வைத்தார்,
இரண்டு அங்குலம், துருப்பிடிக்காதது.

அது இன்னும் மிக்சிப் பக்கத்திலேயே கிடக்கிறது.
படத்தை மாட்டிவிட்டால்
சட்னிக்குத் தலையாட்ட
ஆளிருக்காதே.