திங்கள், புதன், சனி

டாங்கி நிறைய டீசல் இருக்கும்.
பேட்டரி நேற்றுத்தான் சார்ஜ் ஏற்றியது.
சாவியைத் திருப்பினால் இருமும், அவ்வளவுதான்.
குழாயில் எங்கோ காற்றுப் பிடித்திருக்கு என்பேன்,
பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுப்பேன்.
மண்டபம் வடகடல் ஜெட்டியில்
பத்தொன்பது வருசமாக எனக்கு இதுதான் சோறு.

அந்தக் கார்த்திகையில்
வாடைக்குப் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.
ஸ்பேனர் கையில் இருந்தது.
எந்த நட்டைத் தளர்த்துவதென்று தெரியவில்லை.
இல்லை, தெரியும்.
தளர்த்தி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.
"என்ன இன்னாசி, போதையா?" என்றார்
படகுக்காரர் நெய்னா.
போதையாக இருந்திருக்கலாம்.
அதற்கு ஊரில் ஒரு பேராவது உண்டு.

பிறகு வீடு.
ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏழு ஆணி,
எட்டாவது இருந்த இடத்தில் ஓட்டை.
காலையில் அதன் வழியே ஒரு ரூபாய் அளவு வெயில்
சுவரில் விழும்,
காலண்டருக்கு நகரும்,
அரிசிச் சாக்கைத் தொடும், போய்விடும்.
நாற்பது நாள் அதைப் பார்த்தேன்.
சாக வேண்டும் என்றுகூட இல்லை.
அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே.

செய்வினை என்றார்கள்.
மாமியார் ஓரியூருக்கு நேர்ந்துகொண்டாள்.
ஏர்வாடிக்குக் கூட்டிப் போங்க என்றது பக்கத்து வீடு.
தம்பி வந்து வாசலில் நின்று
செருப்பைக்கூடக் கழற்றாமல் போனான்.

பிரகாசி நண்டுக் கம்பெனியிலிருந்து வருவாள்,
விரல் நுனியெல்லாம் ஓடு கீறிய கோடு.
ஒரு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"என்ன செய்யுதுன்னு கேக்கமாட்டேன்.
எங்க செய்யுதுன்னு மட்டும் காட்டு."
நெஞ்சைக் காட்டினேன். தொண்டையைக் காட்டினேன்.
அப்புறம் தலையணையைக் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி,
மாடியில் கடைசி அறை.
எனக்கு முன்னால் ஒரு ஏட்டையா,
பின்னால் யூனிஃபார்மோடு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை.
எல்லோரும் வேறு யாருக்கோ வந்தவர்கள்போல
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயசு கம்மி.
தூக்கம் கேட்டார், பசி கேட்டார், எப்போதிருந்து என்றார்.
குழாயில் காற்று என்றேன்.
புரியவில்லை அவருக்கு, ஆனால் எழுதிக்கொண்டார்.
"மூணு வாரமாவது ஆகும். நடுவுல நிறுத்தாதீங்க."

காற்றை வெளியேற்ற
நட்டைக் கொஞ்சம் தளர்த்திக் கையால் அடிக்க வேண்டும்.
முதலில் நுரை. பிறகும் நுரை.
பொறுமை இல்லாதவன் அங்கேயே இறுக்கிவிட்டுப் போவான்.
நானும் போனேன்.
வாய் கருவாடாகக் காய்ந்து, கை நடுங்கி,
பத்தாம் நாள் மாத்திரை அட்டையைக்
கொல்லைக் கருவேலத்துக்குள் எறிந்தேன்.
பிரகாசி டார்ச்சோடு போனாள்.
முள் ஏறிய கையோடு வந்து
அட்டையைச் சர்க்கரை டப்பாமேல் வைத்தாள்.
ஒரு சொல் பேசவில்லை.

எந்த நாள் என்று குறித்துவைக்கவில்லை.
டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கு என்று
கத்தினேன்.
அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.
"இன்னொரு தரம் திட்டு" என்றாள்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள்.
இந்தக் கடலில்
திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு,
மற்ற நாள் நாட்டுப்படகுக்கு.
கடல் ஒன்றுதான்.
அதுவும் நானும் அப்படிப் பிரித்திருக்கிறோம்.
தன் நாள் இல்லாத நாளிலும் சில சமயம்
மடியை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது.
போன வாரம் வியாழக்கிழமை வந்தது.
படுத்துக்கொண்டேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.
வெள்ளி மத்தியானம் எழுந்து
கூரை ஓட்டைக்குத் தார் அடைத்தேன்.

நேற்று நெய்னா படகு.
நுரை போய்ச் சுத்தமான டீசல் வந்து
எஞ்சின் பிடித்துக்கொண்டது.
அவர் அணைக்கச் சொல்லவில்லை.
அந்தச் சத்தத்துக்குள் குனிந்து,
என் காதுக்கு மட்டும்,
"அந்த டாக்டரம்மா எந்த ரூம் இன்னாசி?" என்றார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
மாடியில் கடைசி அறை என்றேன்.
பஸ் ஏழே காலுக்கு.
சாப்பிட்டுவிட்டுப் போங்க, வரிசை நீளம்.