நாலு பவுன்

நேரு வீதியில் கணுக்கால் தண்ணீர் நின்ற
நவம்பர் சனிக்கிழமை
பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார்
முசியே அந்துவான் சவரிநாதேன்.
துலூஸில் வீடு. முத்தியால்பேட்டையில் அக்கா.
பிப்ரவரியில் கேமரூன், காட்டெருமை வேட்டை,
பணம் கட்டியாகிவிட்டது.
"எந்தக் காலிபர் வாங்கட்டும், மதாம்?"

எங்கள் கடையில் போவதோ
குரங்கு விரட்டும் ஏர் கன்,
முந்திரித் தோப்புக்காரர்களுக்குப்
பன்னிரண்டு போர் தோட்டா.
தேர்தல் வந்தால் அதுவும் கிடையாது,
ஊர்த் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
நான் பார்த்த பெரிய மிருகம்
கோயில் யானை,
அதுவும் ஒரு ரூபாய்க்குத் தலையில் தும்பிக்கை வைத்தது.

ஆனால் கணக்கு தெரியும்.
என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ சுட்டவள்,
அன்றிலிருந்து கிரெய்னும் வேகமும்
பஸ்ஸில் படிக்கிற பழக்கம்.

சொன்னேன்: நாற்பது, நூற்றெண்பது, முந்நூறு, ஐந்நூறு.
அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.
பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

சம்பத்லால் சேட்டு வெங்காயம்கூடச் சாப்பிடாதவர்.
"என் தராசில் குண்டு ஏறாது, பூங்கோதை.
நகை வை. எடை எடைதானே."

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு சோடி கம்மல்:
இது நான் பள்ளியில் சுட்டது. காகிதம் ஓட்டையாகும்.
ஒன்றரை பவுன் செயின், கொஞ்சம் குறைய:
இது தர்ட்டி நாட் சிக்ஸ். மானுக்குப் போதும்.
எருமைக்குப் போதாது, முசியே.
வாங்கிக்கொண்டு புல்லுக்குள் போய்விடும்,
அங்கே நின்று உங்களுக்காகக் காத்திருக்கும்.
பத்தொன்பது நானூற்று நாற்பதுக்கு
ஒரு ஆரமும் இரண்டு மோதிரமும் தேவைப்பட்டன:
மூணு எழுபத்தஞ்சு.
பிறகு வளையல்கள்.
முப்பத்திரண்டு நானூறு. நாலு பவுன். நாலு ஐம்பத்தெட்டு.

"நாலு பவுனே இருக்கட்டும்" என்றார்,
சம்பந்தி வீட்டாரிடம் பேசுகிற குரலில்.

கடைக்குத் திரும்பி
விற்பனைக்கு வந்த மூணு பதினஞ்சைக்
காலியா என்று இரண்டு தடவை பார்த்துக் கொடுத்தேன்.
காலண்டரில் அமாவாசையைக் குறிவையுங்கள்.
வைத்தார். நல்ல நிலை, முழங்கை சரி.
விசை அழுந்துவதற்கு ஒரு கணம் முன்னால்
இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன.

டிக்.

மழைச் சத்தம் கொஞ்ச நேரம்.

இன்னொரு தடவை. இன்னொரு தடவை.
ஒவ்வொரு தடவையும் அமாவாசை.

மிருகத்தின் எடைக்குத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றேன்.
கடைசி வரை கண்ணைத் திறந்து வைத்திருக்க
உங்கள் தோள் எவ்வளவு விடும் என்று பாருங்கள்.
நாலு பவுன் உங்களுக்கு வேண்டாம்.
ஆரத்தை எடுங்கள். ஜனவரி முழுக்கக் காகிதத்தைச் சுடுங்கள்.
அப்போதும் கண் மூடினால்
கேமராவோடு போங்கள்.

கோபித்துக்கொண்டாரா தெரியவில்லை.
மெர்சி என்றார். கம்மலின் விலையை விசாரித்து
அக்காவுக்கு வாங்கிக்கொண்டு போனார்.

மார்ச்சில் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு.
பேச்சே இல்லை. நாற்பது வினாடி புல் உரசல்,
யாரோ மூச்சைப் பிடிப்பது,
அப்புறம், அவருடையதல்லாத
பெரிய, ஈரமான மூச்சு, வெகு அருகில்.
அத்தோடு முடிகிறது.
கீழே ஒரே வரி: கண் திறந்திருந்தது.

சுட்டீர்களா என்று தட்டி
அழித்துவிட்டேன்.

சேட்டுக்குப் போட்டுக் காட்டினேன்.
போனைக் காதோடு வைத்து முழுதும் கேட்டார்.
"எவ்வளவு இருக்கும் அது?"
எழுநூறு கிலோ என்றேன், புத்தகக் கணக்கு.
கால்குலேட்டரைத் தட்டினார்.
"எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு பவுன்"
என்றார் மெதுவாக,
தராசின் கண்ணாடிக் கதவை
ஏனோ ஒருமுறை திறந்து
மூடினார்.