சாய்வு

நாரின் ஆற்றுக்கு மேலே, மஞ்சள் மண் அகழிக்குள்
மூன்று நாளாக நிற்கிறோம்.
பெர்மெத் ஆணி அடித்து நூல் கட்டுகிறாள்:
இங்கே சரளை, இங்கே கரி,
இங்கே அந்த வெட்டு.
அதை ஒட்டிய கூழாங்கற்கள் மட்டும்
ஒரே பக்கமாய்ச் சரிந்து படுத்திருக்கின்றன.

என் வரைபடத்தில் அது சிவப்புக் கோடு.
அளவுகோல் வைத்து, எண்ணூறு மீட்டர் தெற்கே
பள்ளிக்கூடத்துக்கு இடம் குறித்தவன் நான்.
தள்ளித்தானே இருக்கிறது என்றேன்.

அகழி வெட்டிய கல்மூர்சாவிடம் மண்வெட்டியை வாங்கி
வாட்டமாகத் தரையில் செருகினாள்.
"மேலே தெரிகிற கீறல்தான் உன் கோடு.
இரும்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது, சொல்."

தெற்கே.
முப்பது பாகை.
பென்சிலால் போட்டுப் பார்த்தேன்:
கரும்பலகைக்கு நேர் கீழே
நானூற்று அறுபது மீட்டரில் அந்தத் தளம்.

சுரங்கக்காரர்கள் வைத்த பெயர்கள், என்றாள்.
கால் ஊன்றுவது அடிச்சுவர்.
தலைக்கு மேலே, விளக்கு மாட்டுவது தொங்குசுவர்.
ஏறி வருவது அதுதான், அதிகம் உலுக்குவதும்.

கோட்டுக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில்
கல்மூர்சாவின் ஆட்டுக்கொட்டில்.
"அப்படியானால் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கட்டும்" என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்சம் கழித்து மூவருமே சிரித்தோம்.

சாயங்காலம் ஜீப்பில்
தூண்களின் கம்பிகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.
பன்னிரண்டாவதில் வண்டி தூக்கிப் போட்டது.
பள்ளிக்குப் போகும் பாதையில் ஒரு மேடு.
இரண்டு வருடமாக
அதை வேகத்தடை என்றே நினைத்திருந்தேன்.