இருநூறு பேருக்கு டிக்கெட் இல்லை

ஏத்தாப்பூர் பிரிவில் ஏறும்போதே கேட்டார் நடத்துநர்,
"டப்பாவுல என்னம்மா, சாப்பாடா?"
குளவி என்றேன்.
மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான் மட்டும்
மணிவிழுந்தான் வரைக்கும் கால் நீட்டி வந்தேன்.

கொட்டாது, கம்பு மணியில் பாதிதான் இருக்கும் என்று
சொல்லியிருக்கலாம்.
காலையிலிருந்து நின்ற கால். சொல்லவில்லை.

துணி கட்டிய மூடிக்குள் இருநூறு.
தேன் தொட்ட காகிதத் துண்டுதான் கட்டுச்சோறு.
வயது இரண்டு நாள்.
வெயிலில் வைக்காதே, பையில் திணிக்காதே,
நாளைக்கென்று தள்ளாதே.
என் மகனின் பள்ளி டைரியில்கூட
இத்தனை கண்டிப்பு இல்லை.

மாவுப்பூச்சியிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை.
விதைக்குச்சிக் கட்டோடு லாரி ஏறி
எந்தச் சோதனைச் சாவடியிலும் பெயர் சொல்லாமல்
வந்திறங்கிக் குருத்தில் உட்கார்ந்து
குச்சிக்கிழங்குச் செடியின் தலையைப்
பிழிந்த துணியாக்கிவிட்டது.
போன வருஷ அறிக்கையில் நான் எழுதினேன்:
"பரவலாகக் காணப்படுகிறது."
அந்த ஒரு வரிக்குள் கெங்கவல்லி இருந்தது,
சேகோ ஆலை வாசலில் பாயிண்ட் குறைந்ததென்று
ராத்திரி முழுக்க நிறுத்திவைத்த
டிராக்டர்கள் இருந்தன.

அத்தியப்பன் காட்டு வரப்பில் இறங்கியதும்
மூக்குக்குத் தெரிந்துவிட்டது.
"நேத்து சாயங்காலந்தான் அடிச்சேன்.
கடைக்காரன் ரெண்டு மருந்தையும் கலந்து குடுத்தான்."
வேண்டாமென்று போனில் சொன்னேனே?
"சொன்னீங்க.
பூச்சி இன்னிக்குத் திங்குது,
உங்க குளவி என்னிக்கு வரும்னு யாருக்குத் தெரியும்?"

அதற்குத் துறையிடம் பதில் இல்லை.
என்னிடமும்.

"கையெழுத்து வேணும்னா போடுறேன், குடுங்க."
முழங்காலில் வைத்துப் போட்டும் விட்டார்.
பயனாளி பெயர். சர்வே எண்.
விடுவிக்கப்பட்ட எண்ணிக்கை 200.
ஒன்றுகூட இன்னும் வெளியே வரவில்லை.

திறந்தால் இந்த மருந்து நெடியில் சாகும்.
திறக்காவிட்டால் நாளை என் மேஜைமேல்.

களை எடுத்துக்கொண்டிருந்த பாவாயி
நிமிராமலே சொன்னார்:
"ஓடைக்கு அந்தாண்ட அண்ணந்தம்பி காடு.
அஞ்சு வருசமா கோர்ட்டுல கெடக்குது.
மருந்தடிக்க ரெண்டு பேருல எவனும்
காசு போடல."

ஓடையில் தண்ணீர் இல்லை,
ஆலைக்கழிவின் புளித்த வாடை மட்டும் போய்க்கொண்டிருந்தது.
வழக்குக் காட்டில் செடிகள் ஆளுயரம்,
உச்சியெல்லாம் கொண்டை,
கொண்டை பிரித்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூச்சி.
இத்தனை சீக்கு பிடித்த காட்டைப் பார்த்து
சந்தோஷப்பட்ட அரசு ஊழியர்
நான் ஒருத்திதானாக இருக்கும்.

துணியை அவிழ்த்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
டப்பாவின் அடியில் விரலால் தட்டினேன்.
ஒன்று மட்டும் விளிம்புவரை நடந்துவந்து
மீசையைத் துடைத்துக்கொண்டு நின்றது,
அலுவலகத்துக்கு முதல்நாள் வந்த ஆள்போல.
பிறகு காற்றில் ஏதோ கலைந்தது.
எண்ண முடியாது.
எண்ணியதாக எழுத வேண்டும்.

நிறுத்தத்தில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தேன்.
அத்தியப்பன் சர்வே எண்ணை அடித்துவிட்டு
வழக்குக் காட்டின் எண்ணை எழுதினால்
கையெழுத்து யாருடையது என்று தணிக்கை கேட்கும்.
அப்படியே விட்டால்
இருபது நாள் கழித்து ஆய்வுக்கு வருகிறவர்
அத்தியப்பன் காட்டில் குளவியைத் தேடிவிட்டு
"பலனில்லை" என்று எழுதுவார்.
அடுத்த வருஷம் டப்பாவே வராது.
குளவிக்கோ ஓடையின் இந்தக் கரை எது,
அந்தக் கரை எது.

பேனா மூடி பல்லிடுக்கில் இருக்க
பஸ் வந்துவிட்டது.
அதே நடத்துநர்.
காலி டப்பாவை எட்டிப் பார்த்து,
"எங்கம்மா எல்லாம்?"
இறங்கிட்டாங்க என்றேன்.

இந்த முறை
பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.