பிரைவேட் நம்பர்

கன்னியப்பனை நான் முதலில் பார்த்தது
தண்டவாளத்தின் மேல், மல்லாந்து படுத்தபடி.
கொருக்குப்பேட்டை கேட். ஐப்பசி மழை.
மணலியிலிருந்து எண்ணெய் வண்டி
கிளம்பிவிட்டதாக மணி அடித்தாகிவிட்டது.
அதற்கு முந்தின ராத்திரி
சாத்திய கேட்டுக்கு அந்தப் பக்கம்
ஷேர் ஆட்டோவுக்குள்ளேயே சில்வியாவுக்குப் பிறந்தது,
நீலமாக, சத்தமில்லாமல்.
இருபத்தாறு நிமிடம் என்று
பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

"ஏந்திரிப்பா, தலை போயிடும்."
"போவட்டும் கேட்டம்மா. பாலம் வரும்ல?"

மூட்டை இறக்குகிறவன். முதுகில் உப்புப் பூத்த சட்டை.
கொடியோடு ஓடி வண்டியை நிறுத்தியது நான்தான்
(சிவப்புதான், ஆனால் ரயில்வே கொடி).
என்ஜின் அவன் காலுக்கு எட்டு கட்டை தள்ளி நின்றது.
அவன் அரசியலுக்கு வந்ததற்கு
ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்.
நான் அந்த எட்டு கட்டையைச் சொல்வேன்.

அப்புறம் வட்டம், அப்புறம் கவுன்சிலர்,
அப்புறம் முன்னூற்றுப் பதினேழு ஓட்டில் எம்.எல்.ஏ.
ஜெயித்த அன்று ஊர்வலத்தை நிறுத்தி
தன் கழுத்து மாலையை
என் கேட் கம்பத்துக்குப் போட்டான்.
வெடிச் சத்தத்தில் போன் அடித்தது கேட்காமல்
ஸ்டேஷன் மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சட்டமன்றத்தில் பாலத்தைப் பற்றிப் பேசினானாம்.
மூன்று நிமிடம் கேட்டு, ஒன்றரையில் மணியாம்.
"அவங்க மணியும் உன் மணி மாதிரிதான் கேட்டம்மா,
அடிச்சா நின்னுடணும்."
அவனே வந்து சொல்லிச் சிரித்தான்.
அப்போது சைக்கிள்தான்.

தண்டவாளம் மத்திய சர்க்கார்,
ரோடு மாநகராட்சி,
நடுவில் ஓடும் கால்வாய் இன்னொருவர்.
டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள்.
பிறகு வேறு ஆட்கள் வந்து
அதே மண்ணை அளந்தார்கள்.
அதே நீளம்தான் இருந்தது.

இரண்டாம் முறை ஜெயித்ததும் கார். கறுப்புக் கண்ணாடி.
ஒரு நாள் உதவியாளன் ஓடி வந்தான்:
"அண்ணன் அர்ஜெண்ட்டா போவணும், ஒரு நிமிஷம் தூக்குங்க."
பிரைவேட் நம்பர் கொடுத்துவிட்டேன் என்றேன்.
"யாருக்கு? எங்களுக்கும் அதையே குடுங்க."
கேட்டைச் சாத்தியதற்கு நான் சொல்லும் வாக்கு அது.
மாஸ்டருக்கு ஒரு முறை சொல்வேன், எழுதிவைப்பேன்,
மூன்றாம் காதுக்குப் போகாது.
வண்டி கடந்து முடிகிறவரை
கண்ணாடி இறங்கவேயில்லை.

ஒன்பதாம் நாள் எனக்கு மாற்றல், அத்திப்பட்டுக்கு.
பதினோராம் நாள் அது ரத்து.
போட்டது எந்தக் கை, எடுத்தது எந்தக் கை,
இன்றுவரை தெரியாது.
ஒரே கையாகவும் இருக்கலாம்.

மூன்றாம் தேர்தலுக்கு முன் துண்டின் நிறம் மாறியது.
சுவரில் பழைய சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துப்
புதியதை எழுதினார்கள்.
மழையில் இரண்டும் தெரிந்தன.
தோற்றான். எத்தனை ஓட்டில் என்று
யாரும் கேட்டுக்கு வந்து சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் ஒரு ஸ்கூட்டர்.
ஹெல்மெட்டைக் கழற்றியதும்தான் தெரிந்தது,
மீசையில் பாதி மை, பாதி நரை.
பாலத்துக்கு மூன்று தூண் எழும்பியிருக்கிறது இப்போது.
அந்தப் பக்கம் அவன் திரும்பவில்லை.
"எந்த வண்டி?"
"நிலக்கரி. அம்பத்தெட்டு பெட்டி."
எண்ண ஆரம்பித்தான், முப்பதுக்கு மேல் விட்டுவிட்டான்.
"சில்வியா எங்க இருக்குது?"
"மாதவரம். ரெண்டு பசங்க."
தலையை ஆட்டினான், ரொம்ப நேரம்.

பையன்கள் கம்பத்துக்கு அடியில் குனிந்து போனார்கள்.
அவன் போகவில்லை.

"கடைசி எலெக்சன்ல நீ எனக்குத்தானே போட்ட, கேட்டம்மா?"

போன் அடித்தது.
வாயைக் கையால் மறைத்து
இரண்டு இலக்கம் சொன்னேன், எழுதிக்கொண்டேன்.
"இன்னொரு வண்டி இருக்கு" என்றேன்.
சரி என்று சாவியைத் திருப்பி
ஸ்கூட்டரை அணைத்தான்.