துளை எண் நான்கு

செப்பாக்கத்துக்கு வெளியே, சாம்பல் குழாயும் உப்புத் தண்ணியும்
ஒட்டிப் போகிற கரையில் முக்காலி நட்டோம்.
அறுபத்து மூன்றரைக் கிலோ சம்மட்டி.
தேசிங்கு கயிற்றை விடுவான், நான் எண்ணுவேன்.
ஒரு சாண் சொச்சம் இறங்க எத்தனை அடி,
அதுதான் எங்கள் தொழிலில் மண்ணின் பெயர்.

முதல் இரண்டு மீட்டருக்கு அடியே தேவைப்படவில்லை.
தடி தன் கனத்திலேயே போயிற்று.
சாம்பல்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"நிரப்பு மண்ணுனு போட்டுக்கோங்க மேடம்" என்றார் இன்ஜினியர்.
போட்டேன். பிறகு அடித்துவிட்டு எழுதினேன்: சாம்பல்.

நான்கில் மணல். ஏழில் கறுப்புக் களி, அழுகிய முட்டை வாடை.
ஒன்பதரையில் குழாயைப் பிளந்தால்
இரண்டு ஓடும் மூடியபடி ஒரு மட்டி.
"இன்னா மேடம், கடலு இங்க வந்துக்கீதா?"
வந்திருக்கிறது. ஆறாயிரம் வருஷம் இருக்கலாம்.
தேசிங்கு ஆணியால் நெம்பினான். உள்ளேயும் களிதான்.

கீழே கிடப்பது மூத்தது என்று சொல்ல
சுறாப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர்
முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் புத்தகம் எழுதவேண்டியிருந்தது.
தேசிங்கு அதைப் பதினாறு வயதில்
தோள்பட்டையால் தெரிந்துகொண்டான்.

தலைக்கு மேலே பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது.
ஒடிசாவிலிருந்து கப்பலேறி வந்த காடு;
நாக்குப்போல் நீண்ட இலைகள்,
இருபத்தைந்து கோடி வருஷம் இருட்டில் கிடந்தவை,
சாயங்காலத்துக்குள் புகை.
அந்தப் புகை எவ்வளவு சுடும் என்று
குளிர்நாட்டுக்காரர் ஒருவர் ஒரு வருஷம் முழுக்கக்
கையாலேயே கூட்டிக் கழித்தாராம்.
விடை வந்தது. கொஞ்சம் சூடானால் நல்லதுதானே என்றாராம்.
மே மாதத்து மீஞ்சூரில் அவர் பஸ்ஸுக்கு நின்றதில்லை.

அத்திப்பட்டு டீக்கடையில் மட்டியை மேஜைமேல் வைத்தேன்.
"பாத்தீங்களா, கடல் வரும், போகும்.
அப்ப யாரு கரி எரிச்சா?" என்றார் இன்ஜினியர்.
நல்ல கேள்வி.
பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
இந்தக் களி ஒரு மீட்டர் படிய ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும், சார்.
மேலே இருக்கிற இரண்டு மீட்டர்
என்னைவிட இளையது.
அவர் டீயை ஆற்றினார். நெடுநேரம் ஆற்றினார்.

மறுநாள் காலை துளைக்குள் நாடாவை இறக்கினேன்.
நேற்று ஒன்று முப்பது. இன்று ஒன்று ஐந்து.
"ஓதம் மேடம். மத்தியானம் எறங்கிடும்."
இதற்குக் கட்டம் இருக்கிறது: நேரம், ஆழம், கையெழுத்து.

மத்தியானம் வரை நின்றேன்.
இறங்கிற்று, நேற்றைக்கு ஒரு விரல் குறைவாக.
ஒரு நாளை வைத்து, ஒரு விரலை வைத்து
எதுவும் சொல்லக்கூடாது.
எழுதிக்கொண்டேன்.